கண்டியில் ஏற்றிய கல்வி விளக்கு

உயிர் தப்பினால் போதும் என்று வீட்டை விட்டு ஓடும்போது கையில் எதை எடுப்போம்? பிள்ளை, அடையாள அட்டை, மாற்று உடுப்பு. யுத்தத்தைக் கண்ட எமக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. வீடும் காணியும் பின்னால் நின்றுவிடும். படித்த படிப்பு மட்டும் கூடவே வரும். இதை உணர்ந்து உழைத்த அறிஞர் ஒருவர் கண்டியில் வாழ்ந்தார்.

இலங்கை முஸ்லிம்களுக்கு இடப்பெயர்வு பழைய துயரம். 1626இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து அவர்களைத் துரத்தியபோது, கண்டி மன்னன் செனரத் இடமளித்தான். சிங்கள ஊர்கள் சூழ்ந்த மலைநாட்டில் வாழ்ந்தாலும் அவர்கள் வீட்டில் தமிழ் பேசினார்கள். குர்ஆனை அரபியில் ஓதினார்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழில் மார்க்க நூல்களைப் படித்தார்கள். தம்மை இன்னார் என்று காட்டியவை இவைதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலப் பாடசாலைகள் பெரும்பாலும் கிறிஸ்தவ மிசனரிமாரின் கையில் இருந்தன. அங்கே அனுப்பினால் பிள்ளைகள் மார்க்கத்தை விட்டுவிடுவார்கள் என்று பெற்றோர் பயந்தார்கள். பயம் நியாயமானதே. ஆனால் அதனால் ஒரு சமூகமே கல்வியில் பின்தங்கியது.

இதற்கு வழி தேடியவர்தான் அறிஞர் எம். சி. சித்திலெப்பை. 1838இல் கண்டியில் பிறந்த அவர் ஒரு சட்டத்தரணி. 1882இல் 'முஸ்லிம் நேசன்' என்ற தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் அவர் எழுதிய 'அசன்பே சரித்திரம்' ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படுகிறது. மார்க்கத்தையும் தாய்மொழியையும் காப்பாற்ற, படிக்காமல் இருப்பது வழியல்ல. இரண்டோடும் சேர்த்து உலகக் கல்வியையும் தரும் பாடசாலைகளை நாமே அமைக்கவேண்டும் என்பதே அவர் நோக்கம்.

அவருக்குத் துணையாக வந்தவரும் நாடிழந்த ஒருவரே! எகிப்தில் அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்துப் போராடித் தோற்ற ஒராபி பாஷாவை ஆங்கிலேயர் 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தினர். கொழும்பில் சில ஆண்டுகள் இருந்த அவர், பிறகு கண்டியில் வசித்து, 1901இல்தான் தாயகம் திரும்பினார். நாடிழந்த கவலையில் அவர் முடங்கிவிடவில்லை. இங்குள்ள முஸ்லிம்களின் கல்விக்கு ஊக்கம் கொடுத்தார். 1892இல் கொழும்பு மருதானையில் தொடங்கிய பாடசாலையே இன்றைய சாஹிராக் கல்லூரி. கண்டியில் அவர் வாழ்ந்த வீடு இன்று அவர் பெயரில் நினைவு இல்லமாக நிற்கிறது.

பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி

ஆண்பிள்ளைகளோடு சித்திலெப்பை நின்றுவிடவில்லை. பெண்பிள்ளை படிக்க வெளியே போவதை நினைத்தும் பார்க்காத அந்தக் காலத்தில், கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கும் பாடசாலை தொடங்கினார். அதை நடத்தும் பொறுப்பைத் தன் சொந்தச் சகோதரியிடமே ஒப்படைத்தார். ஊருக்குச் சொன்னதை முதலில் தன் வீட்டில் செய்து காட்டினார்.

நூறு ஆண்டுகள் கழித்து, 1990 ஒக்டோபரில், வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் விரட்டப்பட்டனர். யாழ்ப்பாணத்தவருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம்தான். தமிழ்ப் பெண்களும் பல தடவை இப்படி வெறுங்கையோடு நடந்தவர்களே. எந்தச் சமூகத்துத் தாயானாலும் கண்ணீர் ஒன்றுதான்.

கஷ்டம் வந்ததும் பல வீடுகளில் முதலில் நிற்பது மூத்த மகளின் படிப்பு. தம்பி தங்கையைப் பார்க்க, சமைக்க, அல்லது சீக்கிரம் கலியாணம் செய்துகொடுக்க என்று நிறுத்திவிடுகிறோம். சகோதரிகளே, கொஞ்சம் யோசியுங்கள்! நாளை அவள் ஒரு தாயாகும்போது தன் பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுப்பாள்?

சான்றிதழ் எரிந்துவிட்டதா? பரீட்சைப் பெறுபேற்றுக்குப் பரீட்சைத் திணைக்களத்திலும், பிறப்புச் சான்றிதழுக்குப் பிரதேச செயலகத்திலும் பிரதி கேட்டு விண்ணப்பிக்கலாம். கடதாசி போனால் இன்னொன்று எடுக்கலாம். படிக்கவேண்டிய வயது போனால் அதைத் திருப்பித் தர எந்தக் கந்தோரும் இல்லை.