இருளும் ஓர் அருமருந்தே

இருள் என்றதும் அச்சமும் அறியாமையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஞானத்தை ஒளிக்கும் அஞ்ஞானத்தை இருளுக்கும் ஒப்பிட்டுப் பழகிய நாம், உடல் நலத்தின் பொருட்டு இருள் ஆற்றும் பணியை எண்ணிப் பார்ப்பது அரிது.

மூளையின் நடுவே, நெல்மணியளவினதாய்க் கூம்புச் சுரப்பி என்றோர் உறுப்பு உண்டு. பொழுது சாய்ந்து, கண்ணிற் படும் ஒளி குன்றியதும் அது மெலற்றோனின் என்னும் ஓமோனைச் சுரக்கின்றது. 1958 ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆரோன் லேர்னர் என்னும் வைத்தியர், மாடுகளின் கூம்புச் சுரப்பிகளிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தார். இரவு வந்துற்றதென உடலெங்கும் அறிவிக்கும் தூதுவன் இது. அழற்சியைத் தணிக்கும் இயல்பும் இதற்குண்டு என்பதை விலங்குப் பரிசோதனைகள் காட்டியுள்ளன. இரவில் விளக்கொளி, சிறப்பாக நீலங் கலந்த வெண்ணொளி, கண்ணிற் பட்டால் இச்சுரப்புக் குன்றிவிடும்.

அதனால் விளையும் கேடு யாது? ஐக்கிய அமெரிக்காவின் ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2012 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இங்கு கருதத்தக்கது. அவர்கள் ஹம்ஸ்ரர் என்னும் எலியினப் பிராணிகளுட் சிலவற்றை இரவில் முழு இருளிலும், ஏனையவற்றை 5 லக்ஸ் அளவான மங்கல் ஒளியிலும் நான்கு வாரங்கள் வைத்தனர். இருண்ட அறையில் தொலைக்காட்சிப் பெட்டி வீசும் ஒளி எத்துணையோ, அத்துணையே அது. ஆயினும், ஒளியில் வைக்கப்பட்டவை சோர்வுற்றன. விரும்பிப் பருகிய இனிப்பு நீரிலும் நாட்டங் குறைந்தன. அவற்றின் மூளையில், நினைவுக்கு உறைவிடமான பகுதியில், அழற்சியைத் தூண்டும் புரதத்தின் குறிகள் மிகுந்திருந்தன. அப்புரதத்தின் செயலைத் தடுத்தபோது சோர்வு தோன்றவில்லை.

நமக்கு ஆறுதலளிக்கும் செய்தியும் அவ்வாய்விலேயே உண்டு. மீண்டும் இருண்ட இரவுகளைப் பெற்ற பிராணிகள் இரண்டு வாரங்களுள் பழைய நிலையை எய்தின.

பிராணிகளிடத்துக் கண்டதனை மனிதருக்கும் அப்படியே உரியதெனத் துணிதல் ஆகாது. மெலற்றோனின் குறைவொன்றே இதற்குக் காரணம் என்றும் கூறவியலாது. எனவே, வைத்தியரின் ஆலோசனையின்றி மெலற்றோனின் குளிசைகளை நாடுதல் தகாது. பொருட்செலவின்றிச் செய்யத்தக்கவை வேறு உள.

உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னரே கைத்தொலைபேசியை அப்பால் வைத்தல் நன்று. தெருவிளக்கின் ஒளி புகும் சாளரத்துக்குத் தடித்த திரையிடலாம். இருளுக்கு அஞ்சும் குழந்தைக்கு விளக்கு வேண்டுமாயின், செம்மஞ்சள் நிறச் சிறு விளக்கைக் கட்டிலுக்குக் கீழான மட்டத்தில், முகத்திற் படாதவாறு வைக்கலாம். இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குவோருக்கு அறையை இருளாக்கிக் கொடுப்பது வீட்டாரின் கடன்.

விளக்கேற்றுதல் நல்லதொரு வழக்கம்; உறங்கும் வேளையில் அதனை அணைத்தலும் அத்தகையதே.