இலக்கு வைப்பது அரசு... சரிபார்ப்பது யார்?

2024 ஏப்ரல் 16 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தில் கொட்டிய மழையை அங்குள்ள தமிழர்கள் மறக்க மாட்டார்கள். அல் ஐன் பகுதியின் கத்ம் அல் ஷக்லாவில் 24 மணி நேரத்துக்குள் 254 மி.மீ. பதிவானது. 1949இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து அப்படியொரு மழை அங்கு பெய்ததில்லை. துபாய் விமான நிலையத்தின் ஓடுபாதை நீரில் மூழ்கியது. ஷார்ஜாவின் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. கோடையிலோ நிலைமை நேரெதிர். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அரசே தடை போட வேண்டியிருக்கிறது. கட்டுமானத் தளங்களில் வெயிலில் காயும் நம்மூர்த் தொழிலாளிக்கு, காலநிலை இலக்கு என்பது தன் உடம்பைத் தொடும் விஷயம்.

இலக்குகளுக்கு வளைகுடாவில் பஞ்சமில்லை. 2050க்குள் நிகர பூஜ்ஜிய உமிழ்வை எட்டுவோம் என்று 2021 அக்டோபரில் அமீரகம் அறிவித்தது. அதே மாதம் சவுதி அரேபியாவும் பஹ்ரைனும் 2060 என்றன. 2022இல் ஓமன் 2050 என்றது. குவைத் 2060 என்றது. கத்தார் மட்டும் ஆண்டு எதையும் குறிக்கவில்லை. வழக்கமான போக்கில் இருந்திருக்கக்கூடிய உமிழ்வை விட 2030இல் 25% குறைப்போம் என்பதோடு நிறுத்திக்கொண்டது.

ஒரு கணக்கு

2023இல் அமீரகம் ஐ.நா.வுக்கு அளித்த திட்டத்தில், 2030இல் உமிழ்வு 18.2 கோடி டன்னாகக் குறையும், அது 2019ஐ விட 19% குறைவு என்றது. 2024இல் அளித்த புதிய திட்டத்தில், 2035இல் 10.35 கோடி டன், 2019ஐ விட 47% குறைவு என்றது. முதல் கணக்கைப் பின்னோக்கிப் போட்டால், 2019இன் உமிழ்வு சுமார் 22.5 கோடி டன் வருகிறது. இரண்டாவதைப் போட்டால் சுமார் 19.5 கோடி டன்தான். ஒரே ஆண்டுக்கு இரண்டு அளவுகள்!

இதில் தவறு நடந்திருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. கணக்கிடும் முறை மேம்படும்போது பழைய ஆண்டுகளின் அளவும் திருத்தப்படுவது உலகெங்கும் உண்டு. ஆனால், எது, ஏன் மாறியது, அதனால் இலக்கு கடுமையானதா, இளகியதா என்பதை மக்களுக்கு விளக்க அரசுக்கு வெளியே ஒருவர் வேண்டும்.

பிரிட்டனில் அந்த வேலையை 2008இன் காலநிலை மாற்றச் சட்டம் உருவாக்கிய சுயாதீனக் குழு செய்கிறது. மசோதாவில் 2050க்கு 60% குறைப்பு என்றே முதலில் இருந்தது. போதாது, 80% வேண்டும் என்றது, சட்டம் நிறைவேறும் முன்பே இயங்கத் தொடங்கியிருந்த குழு. சட்டத்தில் அது 80% ஆனது. 2019 மே மாதம் நிகர பூஜ்ஜியத்தைப் பரிந்துரைத்தது. அடுத்த மாதமே அதுவும் சட்டமானது. ஐந்தாண்டு கார்பன் பட்ஜெட்டில் குழு சொன்ன அளவை அரசு ஏற்காவிட்டால், காரணத்தை எழுதிவைக்க வேண்டும்.

சட்டத்தின் துணை ஏன் தேவை என்பதற்கு ஆஸ்திரேலியா சாட்சி. 2013 செப்டம்பரில் ஆட்சி மாறியதும், சட்டப் பின்புலம் இல்லாத காலநிலை ஆணையம் சில நாட்களிலேயே கலைக்கப்பட்டது. சட்டத்தால் அமைந்த காலநிலை மாற்ற ஆணையத்தையும் புதிய அரசு ஒழிக்கப் பார்த்தது. நாடாளுமன்றத்தைத் தாண்ட முடியவில்லை. அது இன்றும் இருக்கிறது.

பராக்கா காட்டிய வழி

மன்னராட்சி நாடுகளில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்கலாம். ஏற்கெனவே நடந்திருக்கிறது. அணுமின் திட்டத்தில் இறங்கியபோது, சர்வதேச அணுசக்தி முகமையின் முன்னாள் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ் தலைமையில் 2010இல் சர்வதேச ஆலோசனைக் குழுவை அமீரகம் அமைத்தது. அது ஆண்டுக்கு இருமுறை தந்த அறிக்கைகள் பொதுவெளியில் வைக்கப்பட்டன. இன்று பராக்கா அணுமின் நிலையத்தின் நான்கு உலைகளும் நாட்டின் மின்சாரத்தில் கால் பங்கைத் தருகின்றன. வெளியாரின் கண்காணிப்பால் திட்டம் தடைபடவில்லை, நம்பகத்தன்மைதான் கூடியது.

காலநிலையிலும் பாதி தூரம் கடந்தாகிவிட்டது. 2025 மே 30 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டத்தின்படி, சுதந்திர வர்த்தக மண்டலங்களில் உள்ளவை உட்பட, நிறுவனங்கள் தங்கள் உமிழ்வை அளந்து அறிக்கை தர வேண்டும். மீறினால் 50,000 முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம். நிறுவனங்களைக் கணக்குக் கேட்கும் நாடு, தன் இலக்கையும் கணக்குக் கேட்க ஒருவரை வைக்க வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்வியும் பெரிதுதான். தேசியக் கணக்கில் உள்நாட்டு உமிழ்வுதான் வரும். ஏற்றுமதியாகும் எண்ணெய் எரியும் இடத்துக் கணக்கில் சேரும். புதைபடிவ எரிபொருளிலிருந்து விலகிச் செல்ல உலக நாடுகள் ஒப்புக்கொண்டது 2023இல் துபாயில் நடந்த காப்28 மாநாட்டில்தான். அதே அமீரகத்தின் எண்ணெய் நிறுவனம் அட்னாக், 2027க்குள் உற்பத்தித் திறனை நாளொன்றுக்கு 50 லட்சம் பீப்பாயாக உயர்த்தத் திட்டமிட்டது. இரண்டும் எப்படிப் பொருந்தும் என்பதை, எண்ணெய் வருவாயோடு தொடர்பில்லாத நிபுணர்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

நம் வீட்டுக்கும் இது பொருந்தும். தமிழகம் 2022இல் அமைத்த காலநிலை மாற்ற நிர்வாகக் குழுவில் நிபுணர்கள் இருக்கிறார்கள்; ஆனால் தலைவர் முதல்வர்தான். இலக்கு வைப்பவரே மதிப்பெண்ணும் போடக் கூடாது. சட்டத்தால் அமைந்த, அறிக்கையைத் தானே வெளியிடும், அரசின் பதிலைக் கட்டாயமாக்கும் சுயாதீனக் குழு அபுதாபிக்கும் வேண்டும், ரியாத்துக்கும் வேண்டும், சென்னைக்கும் வேண்டும்.