ஒரே சுரங்கம், ஒரே ஷிஃப்ட்... சம்பளம் மட்டும் வேற! நெய்வேலியில் 'கான்ட்ராக்ட்' என்றால் என்ன?

கடலூர் மாவட்டம் நெய்வேலியில் என்எல்சி ஊழியர் என்று ஒருவர் சொன்னால், அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "பெர்மனன்ட்டா, கான்ட்ராக்ட்டா?"

பெண் பார்க்கும் இடத்திலும், கடன் கேட்டுப் போகும் வங்கியிலும் இதே கேள்வி வரும். பல வருடம் ஒரே கேட் வழியாக வேலைக்குப் போனவர்கூட, "நான் அந்த கம்பெனி ஊழியர்" என்று சட்டப்படி சொல்ல முடியாத நிலை இருக்கிறது. ஏன் இப்படி? பார்க்கலாம்.

என்எல்சியில் யார் யார் வேலை பார்க்கிறார்கள்?

1956-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம் இது. நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் என்ற பெயர் 2016-ல் என்எல்சி இந்தியா என மாறியது. பழுப்பு நிலக்கரியை வெட்டி எடுத்து, பக்கத்திலேயே இருக்கும் அனல் மின் நிலையங்களில் எரித்து மின்சாரம் தயாரிக்கிறது. 2011 முதல் நவரத்னா அந்தஸ்தும் இருக்கிறது.

இங்கே வேலை பார்ப்பவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலில் நிரந்தர ஊழியர்கள். அடுத்து, இன்கோசர்வ் போன்ற கூட்டுறவு சொசைட்டிகள் மூலம் வேலை செய்யும் 'சொசைட்டி' தொழிலாளர்கள். மூன்றாவதாக, தனியார் கான்ட்ராக்டர் மூலம் வருபவர்கள். நிரந்தர ஊழியர் எண்ணிக்கை முன்பு இருந்ததைவிட பெருமளவு குறைந்துவிட்டது. ஆனால் சுரங்கமும் மின் நிலையமும் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடணும். நிலத்தடி நீரை இடைவிடாமல் பம்ப் செய்யாவிட்டால் சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்துவிடும். அந்த வேலைக்கெல்லாம் ஆள் தேவை.

வித்தியாசம் எங்கே?

கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் நிலக்கரியை அள்ளுவது, சாம்பலை அகற்றுவது, பாய்லர் பராமரிப்பில் உதவுவது என உடம்பு நோகும் வேலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் அதிகம். நிரந்தர ஊழியருக்கு ஊதிய ஒப்பந்தம், பதவி உயர்வு, டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், நிறுவன மருத்துவமனை எல்லாம் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளருக்கு அதே அளவில் இவை கிடைப்பதில்லை என்பதுதான் சங்கங்களின் நீண்டநாள் புகார்.

ஆனால் ஆபத்து மட்டும் ஆள் பார்த்து வருவதில்லை. 2020 ஜூலை 1 அன்று, 2-வது அனல் மின் நிலையத்தின் 5-வது யூனிட்டில் பாய்லர் வெடித்தது. அன்றே 6 பேர் இறந்தார்கள். சிகிச்சையில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக இறக்க, பலி எண்ணிக்கை பத்தைத் தாண்டியது. அவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அதே மின் நிலையத்தில் மே மாதமும் ஒரு பாய்லர் வெடித்திருந்தது. இந்த விவகாரத்தில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நிறுவனத்துக்கு ரூ.5 கோடி இடைக்கால அபராதம் விதித்தது.

பல வருடம் வேலை செய்தால் தானாக நிரந்தரம் ஆகாதா?

இதுதான் பலருக்கும் இருக்கும் குழப்பம். ஆகாது.

1996-ல் ஏர் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு வேலையில் ஒப்பந்த முறையை அரசு தடை செய்தால், அந்தத் தொழிலாளர்கள் தானாகவே நிறுவனத்தின் ஊழியர் ஆகிவிடுவார்கள் என்றது. ஆனால் 2001 ஆகஸ்ட் 30-ல், ஸ்டீல் அத்தாரிட்டி (செயில்) வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. தானாக நிரந்தரம் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை என்பது அந்தத் தீர்ப்பு.

ஒரு வாசல் மட்டும் திறந்திருக்கிறது. ஒப்பந்தமே பேருக்குத்தான், உண்மையில் வேலை வாங்குவது நிறுவனம்தான் என்று நிரூபித்தால், நிறுவன ஊழியராகக் கருதலாம். யார் வேலைக்கு எடுத்தது, யார் சம்பளம் கொடுப்பது, தப்பு செய்தால் யார் நடவடிக்கை எடுப்பது என்பதையெல்லாம் தொழில் தீர்ப்பாயம் விசாரிக்கும். இதற்கு வருடக்கணக்கில் ஆகும்.

அப்போ போராட்டத்தில் என்ன கிடைத்தது?

2008, 2010, 2012 என ஒப்பந்தத் தொழிலாளர்கள் திரும்பத் திரும்ப வேலைநிறுத்தம் செய்தார்கள். 2010, 2012 இரண்டிலும் அது ஒரு மாதத்துக்கும் மேல் நீடித்தது. ஊதிய உயர்வு கிடைத்தது. எல்லோருக்கும் நிரந்தரம் என்ற கோரிக்கை மட்டும் தள்ளிக்கொண்டே போனது. 2014 மார்ச் 17-ல், 2-வது சுரங்க வாயிலில் சிஐஎஸ்எஃப் வீரர் சுட்டதில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். 2023 ஜூலையில் மறுபடியும் வேலைநிறுத்தம். நிரந்தரம் செய்யுங்கள், அதுவரை மாதம் ரூ.50,000 கொடுங்கள் என்பது அப்போதைய கோரிக்கை.

நடைமுறையில் இருக்கும் வழி சீனியாரிட்டி. கான்ட்ராக்டரிடம் இருந்து சொசைட்டிக்கு, அங்கிருந்து நிரந்தரத்துக்கு. வரிசை நீளம், நகர்வது மெதுவாக. ஓய்வு வயது மட்டும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

புதிய சட்டம் என்ன சொல்கிறது?

1970-ம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இருந்த இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. ஒரு நிறுவனத்தின் முக்கியப் பணிகளில் ஒப்பந்த ஆட்களை வைக்கக் கூடாது என்கிறது அது. ஆனால் விதிவிலக்கும் சேர்த்தே இருக்கிறது. வழக்கமாக கான்ட்ராக்டர் மூலம் நடக்கும் வேலை, நாள் முழுக்க ஆள் தேவைப்படாத வேலை, திடீரென அதிகரிக்கும் வேலை ஆகியவற்றுக்கு அனுமதி உண்டு. சுரங்கத்தில் எது முக்கியப் பணி, எது இல்லை என்பதில்தான் இனி சண்டையே.

தொழிலாளர் என்ன செய்யலாம்?

கான்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால், கொடுக்க வேண்டிய பொறுப்பு முதன்மை நிறுவனத்துக்கு உண்டு. பழைய சட்டத்திலும் இது இருந்தது, புதியதிலும் இருக்கிறது. கேன்டீன், குடிநீர், முதலுதவி போன்ற வசதிகளும் அதன் பொறுப்பே.

சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்கு விவரம், கேட் பாஸ் நகல் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருப்பது முக்கியம். கான்ட்ராக்டர் மாறிக்கொண்டே இருப்பார். "நான் இத்தனை வருடம் இங்கேதான் வேலை செய்தேன்" என்று நாளைக்குத் தீர்ப்பாயத்தில் சொல்ல, கையில் இருக்கும் சாட்சி அந்தக் காகிதங்கள்தான்.