இண்டர்நெட் தொலைபேசிக்கு மாறுமுன் கவனிக்க வேண்டியவை

வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திற்கு வந்திருந்த ஒரு விவசாயி, கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியே அழைத்தார். வழக்கம்போல் பயிரைப் பற்றியோ பூச்சியைப் பற்றியோ கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது டெலிபோனைப் பற்றி.

அவருக்கு ஒன்றரை ஏக்கர் நிலமும் இரண்டு கறவை மாடுகளும் உண்டு. வீட்டிலிருந்த பழைய செம்புக் கம்பி டெலிபோன் அடிக்கடி பழுதானதால், மழைக்காலத்திற்கு முன்பு பைபர் கேபிள் வழியாக வரும் இண்டர்நெட் தொலைபேசிக்கு மாறினார். பேச்சு முன்னைவிடத் தெளிவாக இருந்தது. மகனின் படிப்புக்கும் இண்டர்நெட் கிடைத்தது. ஆனால் ஒரு நாள் இரவு நல்ல மழை. மின்சாரம் நின்றுவிட்டது. சினை மாடு கன்று ஈனமுடியாமல் தவித்தது. கால்நடை மருத்துவரைக் கூப்பிட டெலிபோனை எடுத்தால் ஓசையே இல்லை. செல்போனிலும் சார்ஜ் இல்லை. மகன் மழையிலே வண்டியை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரை அழைத்து வருவதற்குள் கன்று இறந்துவிட்டது. தாய் பிழைத்தது.

“பழைய போன் கரண்ட் இல்லாவிட்டாலும் பேசுமே, ஐயா. இவ்வளவு பணம் கட்டி வாங்கிய புதுப் போன் ஏன் பேசவில்லை?” என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கான விடையை இணைப்பு வாங்கும் ஒவ்வொருவரும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

பழைய போன் பேசியது ஏன்?

செம்புக் கம்பி டெலிபோனுக்கு வேண்டிய மின்சாரத்தை டெலிபோன் எக்ஸ்சேஞ்சே அனுப்பியது. அங்கே பெரிய பேட்டரிகளும் ஜெனரேட்டரும் உண்டு. அந்த 48 வோல்ட் மின்சாரம் பேச்சு வரும் அதே கம்பியில் உங்கள் வீட்டுக்கு வந்தது. அதனால் ஊரே இருண்டாலும் டெலிபோன் பேசியது.

பைபர் கேபிள் என்பது கண்ணாடி இழை. அதில் ஒளி போகும், மின்சாரம் போகாது. வீட்டில் வைக்கும் மோடம் பெட்டிதான் ஒளியை மின்குறிப்பாக மாற்றி டெலிபோனுக்குக் கொடுக்கிறது. அந்தப் பெட்டிக்கு உங்கள் வீட்டு மின்சாரம் வேண்டும். வீட்டில் மின்சாரம் நின்றால் பெட்டியும் நிற்கும், பேச்சும் நிற்கும். இது கருவியின் பழுது அல்ல. முன்பு எக்ஸ்சேஞ்ச் சுமந்த பொறுப்பு இப்போது வீட்டுக்காரருக்கு வந்துவிட்டது. அதை விற்பவர் சொல்வதில்லை, வாங்குபவர் கேட்பதில்லை.

மற்ற நாடுகளிலும் இதே சிக்கல் எழுந்தது. இங்கிலாந்தில் செம்புக் கம்பி டெலிபோனை முழுவதும் நிறுத்த 2027 ஜனவரியைக் கெடுவாக வைத்தனர். டெலிபோனையே நம்பியிருப்பவர்களுக்கு, மின்சாரம் நின்ற பிறகும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர உதவியை அழைக்க வழி செய்து தரவேண்டும் என்று அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு 2018இல் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது.

நம் மாவட்டத்தில் ஒரு மணி நேரம் போதாது. 2024 டிசம்பர் 1ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண் சரிந்து 7 பேர் உயிரிழந்தனர். அடுத்த நாள் அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. அப்படிப்பட்ட இரவுகளில்தான் டெலிபோன் மிகவும் தேவை; அப்போதுதான் மின்சாரமும் நிற்கும்.

பேச்சு எப்படி வருகிறது?

பழைய டெலிபோன், முறைப் பாசனம் போன்றது. உங்கள் முறை வந்தால் வாய்க்கால் முழுவதும் உங்களுக்கே. முடியும் வரை வேறு யாரும் மடையைத் திறக்க முடியாது. இண்டர்நெட் தொலைபேசி, பொதுச் சாலையில் வண்டி ஓட்டுவது போன்றது. உங்கள் பேச்சு ஒரு நொடிக்குச் சுமார் 50 துண்டுகளாக நறுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டின் மேலும் முகவரி ஒட்டப்பட்டு, மற்றவர்களின் சரக்கோடு கலந்து செல்கிறது. மறுமுனையில் துண்டுகளை வரிசையாகச் சேர்த்துப் பேச்சாக்குகிறார்கள். துண்டுகள் தாமதமானால் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும். தொலைந்தால் சொல்லே விழுங்கப்படும்.

நம் நாட்டில் இண்டர்நெட் வழியாக எல்லா டெலிபோன்களுக்கும் பேச வழிவகுக்குமாறு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2017 அக்டோபரில் பரிந்துரை செய்தது. 2018இல் உரிம விதிகள் திருத்தப்பட்டன. அதன் பிறகே இந்தச் சேவை பரவலாயிற்று.

மாறுமுன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. பழைய எண் தொடருமா? ஒரே நிறுவனத்தில் செம்பிலிருந்து பைபருக்கு மாறும்போது பெரும்பாலும் எண்ணைத் தக்கவைக்கலாம். விண்ணப்பத்திலேயே அதை எழுதச் சொல்லுங்கள். புது எண் பேசத் தொடங்கும் வரை பழைய இணைப்பைத் துண்டிக்க எழுதிக்கொடுக்காதீர்கள்.

2. மோடம் வாடகையா, விலைக்கா, முன்பணம் திரும்பக் கிடைக்குமா? ரசீது வாங்குங்கள்.

3. உங்கள் பகுதிக்கு ஒளி அனுப்பும் நிலையத்தில் மின்சாரம் நின்றால் எத்தனை மணி நேரம் பேட்டரி தாங்கும்? அங்கே ஏற்பாடு இல்லையென்றால் நீங்கள் வீட்டில் பேட்டரி வைத்தும் பயனில்லை. இதுவே முக்கியமான கேள்வி.

4. பழுது பார்ப்பவர் எந்த ஊரில் இருக்கிறார்? கேபிள் அறுந்தால் எத்தனை நாளில் வருவார்?

5. மோடத்தில் டெலிபோன் சொருகும் துளை உண்டா? சில பெட்டிகளில் இண்டர்நெட் மட்டுமே வரும்.

பேட்டரி ஏற்பாடு

சாதாரண மோடம் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 10 வாட் மின்சாரம் இழுக்கும். பேட்டரித் தெளிப்பான் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு எளிது. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் 84 வாட்-மணி மின்சாரம் அடங்கும். அதை முழுவதும் உறிஞ்சக்கூடாது; வீணாவதும் உண்டு. ஆகவே 5 முதல் 6 மணி நேரம் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தெளிப்பானின் பேட்டரியை நேராக மோடத்தில் மாட்டக்கூடாது. வோல்ட் கூடினாலும், கூட்டல் கழித்தல் முனை மாறினாலும் பெட்டி கருகிவிடும். இதற்கென்றே மோடத்துக்கான சிறிய யு.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது. மோடத்தின் அடாப்டரைக் கடைக்கு எடுத்துச் சென்று, அதில் அச்சிட்டுள்ள வோல்ட், ஆம்பியர் அளவுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மோடத்தின் பிளக்கை அந்த இணைப்பில் போட்டாலே போதும்.

கையில் எடுத்துச் செல்லும் கம்பியில்லாப் போன் வேண்டாம். அதன் அடிப்பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். பொத்தான் வைத்த சாதாரணக் கம்பி டெலிபோனே மழை இரவுக்கு நம்பகமானது. வட்டு சுழற்றும் பழைய கருவி பல மோடங்களில் வேலை செய்யாது.

கேபிளைக் காப்பது எப்படி?

பைபர் கேபிளுக்குக் கிராமத்தில் எதிரிகள் பலர். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் தாழத் தொங்கும் கேபிளை இழுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே உங்கள் ஊரில் வரும் உயரமான பாரத்துக்கும் மேலே கேபிள் போகும்படி கட்டச் சொல்லுங்கள். கேபிளுக்கு அடியில் கரும்புத் தோகை எரிக்கக்கூடாது. எலியும் அணிலும் கடிக்கும். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் பி.வி.சி. குழாயில் விட்டு இழுப்பது நல்லது. மிச்சக் கேபிளைக் கையகல வளையமாகச் சுற்றி மாட்டலாம். மடக்கி முடிச்சுப் போட்டால் ஒளி வழியிலேயே கசிந்துவிடும்.

கேபிளின் முனையைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கவே கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணுக்குக் கேடு விளையலாம். குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் பெட்டியை வையுங்கள். இடி இடிக்கும்போது மோடத்தின் மின் பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். யு.பி.எஸ். இருந்தால் சுவரிலிருந்து யு.பி.எஸ்.ஸின் பிளக்கை மட்டும் எடுத்தால் போதும், பேச்சு தொடரும்.

விளக்கைப் பார்த்தே பழுதை அறியலாம்

இலையின் நிறத்தைப் பார்த்துச் சத்துக் குறைவை அறிவது போல, மோடத்தின் விளக்குகளைப் பார்த்துப் பழுதை அறியலாம்.

பவர் விளக்கே எரியவில்லை: மின்சாரம், பிளக், அடாப்டர் ஆகியவற்றைப் பாருங்கள்.

எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிகிறது: ஒளி வரவில்லை. கேபிள் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது. வீட்டில் மடிப்பு இருந்தால் நேராக்கலாம். மற்றபடி நாமாகச் செய்யக்கூடியது எதுவுமில்லை, புகார் செய்யுங்கள்.

பி.ஓ.என். விளக்கு பச்சையாக நிலைத்து எரிகிறது, ஆனால் டெலிபோனில் ஓசை இல்லை: டெலிபோன் வயர் சரியான துளையில் இருக்கிறதா என்று பாருங்கள். வேறொரு டெலிபோனை மாட்டிப் பாருங்கள். பிறகு மோடத்தை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, மீண்டும் போட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். பெரும்பாலான சில்லறைப் பழுதுகள் இதிலேயே தீரும். ஆனால் பெட்டியின் பின்னால் ஊசி நுழையும் ரீசெட் துளையை மட்டும் தொடாதீர்கள். அதை அழுத்தினால் டெலிபோன் எண்ணின் பதிவு உட்பட எல்லா அமைப்பும் அழிந்துபோகலாம். ஆள் வந்துதான் சரிசெய்ய வேண்டும்.

ஓசை உண்டு, செல்போனுக்கு மட்டும் அழைப்புப் போகவில்லை: 2021 ஜனவரி 15 முதல் வீட்டு டெலிபோனிலிருந்து செல்போனைக் கூப்பிட முன்னால் பூஜ்யம் சேர்க்க வேண்டும். இதைப் பழுது என்று எண்ணிப் புகார் கொடுப்பவர்கள் உண்டு.

பேச்சு விட்டுவிட்டுக் கேட்கிறது: இதற்கு வேகம் கூடிய திட்டத்துக்கு மாறச் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். ஒரு பேச்சுக்குச் சுமார் 100 கிலோபிட் வேகமே போதும். வீட்டில் யாராவது பெரிய வீடியோ அனுப்பும் நேரத்தில் மட்டும் இப்படி ஆகிறதா என்று பாருங்கள். செல்போனில் வைபை வழியாகப் பேசும்போது மட்டும் ஆகிறதென்றால் குற்றம் மண்சுவரிலோ இரும்பு பீரோவிலோ இருக்கலாம். மோடத்தை வீட்டின் நடுவில், உயரமான இடத்தில் வையுங்கள். எந்த நேரமும் இப்படியே இருந்தால், பழுது பார்ப்பவரிடம் ஒளியின் அளவை அளந்து சொல்லச் சொல்லுங்கள். அது மைனஸ் 27 டி.பி.எம். அளவை நெருங்கினாலோ தாண்டினாலோ கேபிளில் குறை இருக்கிறது.

புகார் செய்யும்போது பதிவு எண்ணைக் கேட்டு, தேதியுடன் எழுதி வையுங்கள். பதில் திருப்தி இல்லையெனில் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் அந்த எண்ணைக் காட்டி முறையிடலாம். இதற்குக் கட்டணம் இல்லை.

செல்போனையும் கைவிட வேண்டாம்

மலையடிவாரத்தில் டவர் எட்டாத வீடுகளில், செல்போனின் செட்டிங்கில் வைபை காலிங் என்பதைப் போட்டுவைத்தால், அதே எண்ணில் வீட்டு இண்டர்நெட் வழியாகப் பேசலாம். கார்த்திகை தீபம், பௌர்ணமி நாட்களில் கூட்டத்தால் டவர் திணறும்போதும் இது கைகொடுக்கும். அவசர அழைப்பின்போது முதலில் உங்கள் ஊரையும் தெருவையும் சொல்லுங்கள். இண்டர்நெட் வழி அழைப்பில் நீங்கள் இருக்கும் இடம் மறுமுனைக்குத் தானாகத் தெரியும் என்று நம்பியிருக்கக்கூடாது.

டெலிபோன் அருகே சுவரில் இந்த எண்களை எழுதி வையுங்கள்: அவசர உதவிக்கு 112, ஆம்புலன்சுக்கு 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, கால்நடை ஆம்புலன்சுக்கு 1962, மின்தடைக்கு 94987 94987, பயிர் ஆலோசனைக்கு உழவர் அழைப்பு மையம் 1800-180-1551. உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரின் எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புது இணைப்பு கொடுக்க வந்தவர் கையெழுத்துக் கேட்கும்போது, ஒரு சோதனை செய்யுங்கள். வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். டெலிபோனை எடுத்து ஓர் எண்ணுக்குப் பேசுங்கள். பேச்சு போனால் கையெழுத்துப் போடலாம். போகவில்லையென்றால், பேட்டரிக்கு வழி செய்த பிறகே பழைய இணைப்பை விடுங்கள். இரண்டு நிமிடச் சோதனைதான். அந்த விவசாயி இதை முன்பே செய்திருந்தால், அந்த மழை இரவில் மருத்துவரை உடனே கூப்பிட முடிந்திருக்கும். கூட்டம் முடிந்து போகும்போது அவர் மோடத்துக்கான யு.பி.எஸ்.ஸின் அளவை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போனார். அவரிடம் இன்னொரு மாடு சினையாக இருக்கிறது.