வர்ணத்தின் நடுவே விழும் வெட்டு

பரதநாட்டிய அரங்கேற்றத்தில் வர்ணம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குக் குறையாது. முக்கால் மணி வரைகூடப் போகும். நல்ல தரத்தில், அதாவது நொடிக்கு 24 மெகாபிட் அளவில், பதியும் கேம்கார்டர் ஏறத்தாழ 24 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு ஃபைலை முடித்து அடுத்ததைத் தொடங்கும். சில கேமராக்கள் 2 ஜிபியிலேயே வெட்டிவிடும். அவற்றில் 12 நிமிடத்துக்கு ஒரு ஃபைல். ஆகவே யாருடைய அரங்கேற்றமானாலும் வர்ணத்துக்குள் ஒரு வெட்டாவது விழுந்தே தீரும்.

மயிலாப்பூர் பக்கத்துச் சபாக்களில் அரங்கேற்றங்களைப் பதிவு செய்வது என் தொழில். திரை விலகியதிலிருந்து மங்களம் வரை கேமராவை நிறுத்தாமல் ஓடவிடுவேன். வீட்டுக்கு வந்து கார்டைத் திறந்தால் 00000, 00001, 00002 என்று வரிசையாக ஃபைல்கள் இருக்கும். புஷ்பாஞ்சலி எங்கே முடிந்தது, பதம் எங்கே தொடங்கியது என்பதெல்லாம் அந்த எண்களுக்குத் தெரியாது. இத்தனைக்கும் கேமரா எதையும் தவறவிட்டிருக்காது. முதல் ஃபைலின் கடைசி பைட்டும் இரண்டாம் ஃபைலின் முதல் பைட்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கும். கார்டைக் கேமராவிலேயே வைத்து ஓட்டிப் பார்த்தால் வெட்டு இருப்பதே தெரியாது. கம்ப்யூட்டருக்கு மாற்றி ஒன்றாக்கும்போதுதான் தாளத்தில் ஓர் இடம் காணாமல் போகிறது. அப்படிப் போகவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கேமரா ஏன் வெட்டுகிறது? காரணம் கார்டை ஒழுங்குபடுத்தும் முறையில் இருக்கிறது. 32 ஜிபி வரையிலான எஸ்டிஹெச்சி கார்டுகள் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் செய்யப்படுகின்றன. 1996-ல் விண்டோஸ் 95-இன் திருத்திய பதிப்போடு வந்த முறை அது. ஒவ்வொரு ஃபைலும் எவ்வளவு பெரியது என்று குறித்துவைக்க அதில் 32 பிட் இடம்தான் உண்டு. 32 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. அத்தனை பைட்டுக்கு மேல் ஒரு ஃபைல் வளர முடியாது. நாம் 4 ஜிபி என்று சொல்லும் எல்லை இதுதான். அந்த நாளில் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரின் மொத்த ஹார்டு டிஸ்க்கே அவ்வளவு இருந்தால் பெரிது. 64 ஜிபி முதலான எஸ்டிஎக்ஸ்சி கார்டுகளில் வரும் எக்ஸ்ஃபேட் முறைக்கு இந்த எல்லை கிடையாது. ஆனாலும் அந்தக் கார்டைப் போட்ட பிறகும் பழைய வழக்கப்படியே வெட்டும் கேமராக்கள் பல உண்டு.

இனி ஜாயிண்டுக்கு வருவோம். சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து 2006-ல் அறிவித்த ஏவிசிஹெச்டி என்ற முறையில்தான் நம் ஊர்க் கேம்கார்டர்களில் பெரும்பகுதி பதிந்தன. அதில் படம் ஒரு கணக்கில் ஓடும், ஒலி இன்னொரு கணக்கில் ஓடும். நம் நாட்டு வழக்கப்படி நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 40 மில்லிநொடி. டால்பி முறையில் பதியும் ஒலி 1536 மாதிரிகள் கொண்ட கட்டுகளாக வரும். நொடிக்கு 48,000 மாதிரி என்ற கணக்கில் ஒரு கட்டுக்கு 32 மில்லிநொடி. நான்கு ஃபிரேமும் ஐந்து ஒலிக்கட்டும் சேர்ந்தால்தான் இரண்டும் ஒரே இடத்தில் முடியும். அதாவது 160 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் சமம் விழும். கேமராவோ அளவு நிறைந்ததும் வெட்டுகிறது, சமத்துக்காகக் காத்திருப்பதில்லை. அதனால் ஒரு ஒலிக்கட்டின் தலை முந்தைய ஃபைலிலும் வால் அடுத்த ஃபைலிலும் போய் உட்கார்ந்துவிடுகிறது.

இந்த இரண்டு ஃபைலையும் தனித்தனியாக எடிட்டிங் மென்பொருளுக்குள் இழுத்துப்போட்டு டைம்லைனில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மென்பொருளுக்கு அரைகுறைக் கட்டை என்ன செய்வதென்று தெரியாது, ஒதுக்கிவிடும். சில சமயம் ஜாயிண்டை ஒட்டிய சில ஃபிரேம்களும் அதோடு போய்விடும். கல்யாண வரவேற்பில் மேடையேறிப் பரிசு கொடுக்கும் காட்சியில் இது நடந்தால் யாருக்கும் தெரியாது. வேகமான ஜதியிலோ ஒரு சொல்லுக்கு நொடியில் எட்டில் ஒரு பங்குதான் கிடைக்கும். கால் தட்டுவது ஒன்று, காதில் விழுவது ஒன்று என்றாகிவிடும்.

ஒரு நடன ஆசிரியை, வேறோர் இடத்தில் பதிந்து எடிட் செய்த தன் மாணவியின் அரங்கேற்ற வீடியோவோடு என்னிடம் வந்தார்.

"தம்பி, திரிகால ஜதியில மூணாம் காலம் வர்ற இடத்துல என் குழந்தை தாளம் தப்பின மாதிரி தெரியுது. அன்னைக்கு நட்டுவாங்கம் பண்ணினது நான்தான். அவ தப்பவே இல்ல."

"கார்டுல இருந்த ஒரிஜினல் ஃபைல் கெடைக்குமா டீச்சர்?"

"எல்லாத்தையும் ஹார்டு டிஸ்க்ல போட்டுக் குடுத்திருக்காங்க. என்னமோ நம்பர் நம்பரா இருக்கு."

அந்த நம்பர்களே போதுமானவையாக இருந்தன. ஒன்றாக்கி, ஜாயிண்டுக்கு ஒரு நிமிடம் முன்னாலிருந்து ஓட்டினேன். அவர் கையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டார். தீர்மானம் விழுந்த இடத்தில் அவர் கையும் விழுந்தது. பத்து வருடம் ஆடிப் பழகிய பெண் தன் அரங்கேற்றத்தில் தப்பினாள் என்று ஒரு வீடியோ காலத்துக்கும் பொய்சாட்சி சொல்வது சின்ன விஷயமல்ல. வெட்டு எங்கே விழுந்தாலும் அதைச் சுவடில்லாமல் மூட வேண்டியது எங்களைப் போன்றவர்களின் கடமை.

மூடுவது கடினமும் அல்ல. ஏவிசிஹெச்டி ஃபைல்களின் பெயர் எம்டிஎஸ் என்று முடியும். உள்ளே இருப்பது டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம், அதாவது டிவி ஒளிபரப்புக்கென்று வகுத்த முறை. சேனலை யார் எந்த நொடியில் திருப்பினாலும் படம் வர வேண்டும் அல்லவா? அதனால் தரவைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி, இந்தப் பொட்டலம் படத்துக்கா ஒலிக்கா என்பதை ஒவ்வொன்றிலும் எழுதி, இடையிடையே நேர முத்திரையும் வைத்து அனுப்புவார்கள். கேமரா ஃபைலை வெட்டும்போது இந்த நேர ஓட்டம் அறுபடுவதில்லை. எனவே இரண்டாம் ஃபைலின் பைட்டுகளை முதல் ஃபைலின் வாலில் அப்படியே சேர்த்தால் போதும். உடைந்த ஒலிக்கட்டின் தலையும் வாலும் தானாகச் சேர்ந்துவிடும்.

விண்டோஸில் இதற்குத் தனி மென்பொருள்கூட வேண்டாம். கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புத் திரையைத் திறந்து, ஃபைல்கள் உள்ள ஃபோல்டருக்குப் போய், காப்பி என்ற கட்டளையைத் தட்டுங்கள். ஓர் இடம் விட்டுச் சாய்கோடும் பி என்ற எழுத்தும் போடுங்கள். பிறகு முதல் ஃபைலின் பெயர், கூட்டல் குறி, அடுத்த ஃபைலின் பெயர் என்று வரிசையாகக் கொடுத்து, மறுபடி ஓர் இடம் விட்டுப் புதிய ஃபைலுக்கு ஒரு பெயர் வையுங்கள். அந்த பி-யை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் இவற்றை எழுத்து ஃபைல்கள் என்று எடுத்துக்கொள்ளும். பழைய எழுத்து ஃபைல்களில் 26 என்ற மதிப்புள்ள பைட் வந்தால் இத்தோடு முடிந்தது என்று பொருள். வீடியோவில் அந்த மதிப்பு எங்கும் வரும். முதல் 26-ஐப் பார்த்ததும் அந்த ஃபைலை அங்கேயே விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடும். மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு கேட் என்ற கட்டளை இதே வேலையைச் செய்யும்.

எடிட்டிங் மென்பொருளில் சேர்த்து மறுபடி ரெண்டர் செய்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ரெண்டர் என்றால் சுருக்கியதை விரித்து மறுபடி சுருக்குவது. ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறையும். அந்தக் காலக் கேமராக்களில் பல, ஒரு ஃபிரேமை ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளுமாக இரண்டு பாதியாகப் பிரித்துப் பதிந்தன. ரெண்டர் செட்டிங்கில் அந்த வரிசை மாறிப்போனால், முத்திரை பிடிக்கும் கை வேகமாக நகரும்போதெல்லாம் விளிம்பில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியும். பைட்டோடு பைட் சேர்க்கும் முறையில் இந்த ஆபத்து எதுவும் இல்லை. மணிக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். ஃபைலைப் பிரதி எடுக்கும் நேரம்தான் ஆகும்.

எம்பி4 ஃபைல்களுக்கு மட்டும் இந்த வித்தை பலிக்காது. கோப்ரோவும், இப்போதைய கேமராக்கள், செல்போன்கள் பலவும் எம்பி4 ஆகத்தான் பதிகின்றன. அதில் ஒவ்வொரு ஃபிரேமும் ஃபைலில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற அட்டவணை ஒரே இடத்தில் இருக்கும். இரண்டு எம்பி4-ஐ நேரடியாக ஒட்டினால் பிளேயர் முதல் அட்டவணையைப் படித்து, முதல் பகுதியை ஓட்டி நின்றுவிடும். அட்டவணையைப் புதிதாக எழுதிச் சேர்க்கும் மென்பொருள் வேண்டும். 2000-ல் ஃபப்ரீஸ் பெல்லார் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் அதைச் செய்யும், காசு இல்லை. ஒரு சாதாரண எழுத்து ஃபைலில் பெயர்களை வரிசையாக எழுதிக் கொடுத்து, மறுபடி சுருக்காமல் அப்படியே பிரதி எடு என்று சொல்ல வேண்டும். கட்டளை தட்டத் தயங்குபவர்களுக்கு லாஸ்லெஸ்கட் இருக்கிறது. அதுவும் இலவசம்தான், ஃபைல்களை இழுத்துப்போட்டு, சேர் என்று அழுத்தினால் முடிந்தது. எல்லாத் துண்டுகளும் ஒரே கேமராவில் ஒரே செட்டிங்கில் பதிந்தவையாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

வரிசையைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்கள். கோப்ரோவின் பெயரில் எழுத்துகளுக்குப் பின் வரும் முதல் இரண்டு இலக்கம் துண்டின் எண், கடைசி நான்கு இலக்கம் பதிவின் எண். ஜிஎக்ஸ்010034-க்கு அடுத்த துண்டு ஜிஎக்ஸ்020034. ஆனால் பெயர் வரிசைப்படி அடுக்கினால் நடுவில் வேறொரு பதிவின் ஜிஎக்ஸ்010035 வந்து நிற்கும். கேம்கார்டரில் தொல்லை வேறு மாதிரி. கார்டை ஃபார்மட் செய்தால் எண்ணிக்கை மறுபடி 00000-த்திலிருந்து தொடங்கும். இரண்டு கார்டுகளை ஒரே ஃபோல்டரில் கொட்டினால் ஒன்றின் மேல் ஒன்று எழுதி, முதல் கார்டில் இருந்தது அழிந்துபோகும். கார்டுக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, தேதி எழுதி, கார்டில் இருப்பதை முழுவதுமாக அப்படியே பிரதி எடுங்கள். உள்ளுக்குள் உள்ளாகப் போகும் அந்த ஃபோல்டர்களை வெறும் குப்பை என்று நினைத்து எம்டிஎஸ்-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அழிக்கிறார்கள். எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு என்ற குறிப்பு அங்கேதான் இருக்கிறது.

சேர்த்து முடித்ததும் பழைய துண்டுகளை உடனே அழித்துவிட வேண்டாம். காப்பி கட்டளையால் ஒட்டியிருந்தால் புதிய ஃபைலின் அளவு துண்டுகளின் கூட்டுத்தொகைக்கு ஒரு பைட் பிசகாமல் சமமாக இருக்க வேண்டும். அதன் பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு ஜாயிண்டையும் கேளுங்கள். ஜதியில் விழுந்த ஜாயிண்டைத் தாளம் போட்டுச் சோதித்துவிடலாம். தம்பூரா சுருதி மட்டும் ஒலிக்கும் இடத்தில் விழுந்தால் கண்ணை மூடிக் கேட்க வேண்டும்; சன்னமாக ஒரு டிக் கேட்டாலும் எங்கோ பிசகு.

கேம்கார்டர் புழங்கிய காலத்தில் எடுத்த எத்தனையோ அரங்கேற்றங்கள், உபநயனங்கள், அறுபதாம் கல்யாணங்கள் இப்படி எண்ணிட்ட துண்டுகளாகவே வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. துண்டாகக் கிடப்பதாலேயே யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. அந்த ஹார்டு டிஸ்க்குகள் சுழலும்போதே எடுத்து ஒன்றாக்கிவிடுங்கள்.

ஒன்றாக்கிய பிறகு அதே 4 ஜிபி இன்னோர் இடத்தில் எதிரே வரும். பென் டிரைவில் நிறைய இடம் இருந்தும் ஃபைல் ஏற மறுக்கும். பென் டிரைவும் ஃபேட்32-ல் இருப்பதுதான் காரணம். எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்தால் கம்ப்யூட்டரில் ஓடும், ஆனால் பழைய டிவிகள் பலவற்றுக்கு அது படிக்கத் தெரியாது. குடும்பத்தாருக்குக் கொடுக்க நான் இரண்டு பிரதி வைத்திருக்கிறேன். முழு நிகழ்ச்சியும் ஒரே ஃபைலாக எக்ஸ்ஃபேட் ஹார்டு டிஸ்க்கில் ஒன்று. டிவிக்கென்று ஃபேட்32 பென் டிரைவில் உருப்படிக்கு ஒரு ஃபைலாக இன்னொன்று. இந்த முறை வெட்டு நான் போடுவது, நாட்டியப் பெண் உள்ளே போய் மேடை காலியாக இருக்கும் இடத்தில். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், தில்லானா எல்லாம் அப்படியே 4 ஜிபிக்குள் அடங்கிவிடும். 40 நிமிட வர்ணம் மட்டும் 7.2 ஜிபி வரும். அதற்கென்று டிவிப் பிரதியை மட்டும் 12 மெகாபிட்டுக்கு இறக்கி ரெண்டர் செய்கிறேன். 3.6 ஜிபி ஆகும். வெட்டே இல்லாமல் ஏறிவிடும்.