நடுச்சுவரும் கடைசி நாட்களும்

இஸ்தான்புல் தொல்லியல் அருங்காட்சியகத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் பலகை இருக்கிறது. கிரேக்க எழுத்தில் ஏழு வரி. எருசலேம் ஆலயத்தின் உள்முற்றத்தைச் சுற்றியிருந்த தடுப்பில் பதித்திருந்த எச்சரிக்கை அது: யூதரல்லாத எவரும் இதைத் தாண்டக் கூடாது, தாண்டிப் பிடிபட்டால் சாவுக்கு அவரேதான் பொறுப்பு. 1871-இல் கிளெர்மோன்-கன்னோ என்ற பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டெடுத்தார். தடுப்பின் உயரம் மூன்று முழம்தான் என்று அக்கால வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதிவைத்திருக்கிறார். இளவட்டம் ஒருவன் கையை ஊன்றி எகிறிக் குதித்துவிடலாம். உயிர் மிஞ்சாது, அவ்வளவுதான்.

யூதர்களைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. இயேசுவும் யூதர், அப்போஸ்தலர் பவுலும் யூதர். கோயிலில் யார் எதுவரை போகலாம் என்று கோடு போடாத ஊர் அன்றைக்கு அபூர்வம். நம் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் எல்லாரும் போக 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கல்லைப் பற்றி நான் பேச வேறு காரணம் இருக்கிறது. கிறிஸ்து திரும்பி வருவதை ஒட்டிக் கிறிஸ்தவர்கள் 'கடைசி காலம்' என்று சொல்வதையும், மனிதர்கள் கடவுளுடைய வாசஸ்தலம் ஆவதையும் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

நான் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வுபெற்றேன். இப்போது எங்கள் சேகரத்தில் திடப்படுத்தல் வகுப்பு எடுக்கிறேன். கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள், விவரம் தெரிந்த வயதில் 'இது என் விசுவாசம்' என்று சபைக்கு முன் சொல்வதற்கு ஆயத்தப்படுத்தும் வகுப்பு அது. பத்துக் கட்டளையையும் பரமண்டல ஜெபத்தையும் பிள்ளைகள் கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள். கேள்வி கேளுங்கள் என்றால் மட்டும் எல்லாக் கேள்வியும் ஒரே பக்கம்தான் போகும். இரகசிய வருகை எப்போது? அந்திக்கிறிஸ்து பிறந்துவிட்டானா? 666 என்பது பார்கோடா, கையில் வைக்கும் சிப்பா? ஒரு பையன், "டீச்சர், ஆதார் எடுத்தவங்க எல்லாரும் போயாச்சா?" என்று உண்மையிலேயே பயந்து கேட்டான். கன்வென்ஷன் பந்தலிலும் யூடியூபிலும் அவன் கேட்டது அப்படி.

கடைசி காலத்தைப் பற்றி இயேசு பேசிய நீண்ட பேச்சு மாற்கு நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அது தொடங்குவதே கட்டடத்தில்தான். ஆலயத்தை விட்டு வெளியே வரும்போது சீஷர்களில் ஒருவர் கற்களைக் காட்டி வியக்கிறார். கலிலேயாவின் மீன்பிடி கிராமங்களிலிருந்து வந்தவர்கள் வாய்பிளந்து பார்த்ததில் ஆச்சரியமில்லை. ஏரோது ராஜா கி.மு. 20 வாக்கில் தொடங்கிய திருப்பணி, அவர்கள் காலத்திலும் முடிந்தபாடில்லை. இயேசுவோ கல்லின்மேல் கல் நிற்காது என்கிறார். எப்போது என்று கேட்கிறார்கள். அந்த நாள் தனக்கும் தெரியாது, பிதாவுக்கு மட்டுமே தெரியும் என்று பதில் வருகிறது. இதற்குப் பிறகும் தேதி குறிக்கிற துணிச்சல் மனிதர்களுக்கு எங்கிருந்துதான் வருகிறதோ!

கி.பி. 70-இல் தீத்துவின் ரோமப் படை ஆலயத்தை இடித்தது. ஆலயத்தின் குத்துவிளக்கை வீரர்கள் தோளில் சுமந்து போகும் காட்சியை ரோமில் தீத்துவின் வளைவில் இன்றும் பார்க்கலாம். ஏழு வரிக் கல் பதித்திருந்த தடுப்பும் அந்த இடிபாட்டில்தான் போனது.

ஆனால் இடிவதற்கு முன்பே அந்தத் தடுப்பு ஒருவருடைய வாழ்க்கையைத் திருப்பிப்போட்டிருந்தது. எபேசு ஊரைச் சேர்ந்த துரோப்பீமு என்ற கிரேக்கரைப் பவுல் உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று வதந்தி கிளம்பியது. அப்போஸ்தலர் நடபடிகள் 21-ஆம் அதிகாரத்தில் இந்தக் கதை வருகிறது. கூட்டம் பவுலை வெளியே இழுத்துப்போட்டு அடித்தது. ரோமச் சிப்பாய்கள் ஓடி வந்திராவிட்டால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். அதற்குப் பிறகு அவருக்கு வருஷக்கணக்கில் காவல்தான்.

சிறையிலிருந்து எழுதியதாக உள்ள கடிதங்களில் ஒன்று எபேசியருக்கு எழுதியது. துரோப்பீமுவின் ஊர்க்காரர்களுக்கு! பவுலே எழுதினாரா, அவர் வழிவந்த சீஷர் ஒருவர் எழுதினாரா என்று அறிஞர்களுக்குள் விவாதம் உண்டு. எழுதியவர் யாராக இருந்தாலும், இரண்டாம் அதிகாரம் போகும் வரிசையைப் பாருங்கள். முதலில், இரண்டு ஜனங்களைப் பிரித்துவைத்த நடுச்சுவரைக் கிறிஸ்து தகர்த்தார் என்று வருகிறது. அடுத்து, அந்நியராக நின்றவர்கள் வீட்டார் ஆகிறார்கள். அதற்கும் பிறகுதான் மூலைக்கல், அதன்மேல் இசைவாய்ச் சேரும் கட்டடம், கடைசியில் கடவுள் குடியிருக்கும் இடம். சுவர் விழுவது முதலில், வாசஸ்தலம் பிறகு. எங்கள் பிரசங்கங்களில் பெரும்பாலும் அந்தக் கடைசி வசனத்தை மட்டும் தனியே பிய்த்து எடுத்து, 'உன் உள்ளத்தில் கர்த்தர் வாசம்பண்ணுகிறார்' என்று ஆளாளுக்குப் பங்குவைத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

உள்ளமே கோயில் என்பது தமிழருக்குப் புதிதும் இல்லை. திருநின்றவூர்ப் பூசலார் கையில் காசில்லாமல் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினார். அதன் குடமுழுக்கு நாளும், காஞ்சியில் பல்லவ ராஜா கட்டிய கற்கோயிலின் குடமுழுக்கு நாளும் ஒன்றாக அமைந்துவிட, இறைவன் பூசலார் கோயிலுக்கே போனார் என்று பெரியபுராணம் சொல்கிறது. வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும் கதை. ஆனால் எபேசியர் கடிதம் சொல்வது இன்னொன்று. பூசலார் தனியாக உட்கார்ந்து கட்டினார். எபேசுக்காரர்கள் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு, சேர்ந்து கட்டப்பட வேண்டியிருந்தது. ஒருத்தி தன் அறையில் முழங்கால் போட்டு ஜெபிப்பதால் மட்டும் எழும்பிவிடாத கட்டடம் அது.

இயேசு ஆள் சேர்த்த விதமும் அப்படித்தான். அந்நாளில் சீஷன் என்றால் பாடம் கேட்கிறவன் மட்டுமல்ல. குருவின் பின்னாலேயே நடந்து, அவரோடு சாப்பிட்டு, அவர் செய்கிறதைச் செய்யக் கற்கிறவன். பன்னிரண்டு பேரில் வரி வசூலித்த மத்தேயு ஒருவர். செலோத்தே என்ற பட்டப்பெயருடைய சீமோன் இன்னொருவர். அந்நிய ஆட்சியை வெறுத்த தீவிரர்களோடு சேர்த்து எண்ணப்படும் பெயர் அது. ஆட்சிக்காரனுக்கு வரி வாங்கிக் கொடுத்தவனும் அந்த ஆட்சியையே வெறுத்தவனும் ஒரே சட்டியில் கை நனைத்தார்கள். பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்ப்பேன்.

கொரிந்துவில் இந்தப் பாடம் பந்தியிலேயே தோற்றது. பவுல் அங்கே ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியோடு தங்கிக் கூடாரம் தைத்துப் பிழைத்தார். சபை வீடுகளில்தான் கூடியது, கர்த்தருடைய பந்தியும் உண்மையான சாப்பாடாகவே இருந்தது. வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டு, குடித்து, நிறைந்துவிடுவார்கள். இல்லாதவர்கள் பசியோடு நிற்பார்கள். இந்தச் சபைக்கு எழுதிய கடிதத்தில்தான், நீங்கள் கடவுளின் ஆலயம் என்று பவுல் சொல்கிறார். பாராட்டுப் பத்திரம் இல்லை அது. கட்சி கட்டிச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்து, இந்த ஆலயத்தைக் கெடுக்கிறவரைக் கடவுள் சும்மா விடமாட்டார் என்று அதட்டுகிற இடம்.

தெசலோனிக்கேயில் வேறு கோளாறு. ஆண்டவர் இதோ வந்துவிட்டார் என்று சிலர் வேலைவெட்டியை விட்டுவிட்டு, வம்பளந்துகொண்டு திரிந்தார்கள். உழைத்துச் சாப்பிடுங்கள் என்று கடிதம் போனது. கடைசி காலத்துக்கென்று தனி ஒழுங்கு எதுவும் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. இயேசுவின் சீஷர் பேதுருவோ பெந்தெகொஸ்தே நாளில் எழுந்து நின்று, கடைசி நாட்கள் தொடங்கிவிட்டன என்றே பிரசங்கித்தார். அந்தக் கணக்குப்படி இரண்டாயிரம் வருஷமாக நாம் கடைசி நாட்களுக்குள்தான் சமைத்துச் சாப்பிட்டுப் பிள்ளை வளர்க்கிறோம்.

தேதி குறித்தவர்கள் பெரும்பாலும் கெட்டவர்கள் இல்லை. அமெரிக்காவில் வில்லியம் மில்லரை நம்பியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று இரவு முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்து ஏமாந்தார்கள். பக்கத்துத் திருவிதாங்கூரில், தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து 1861-இல் ஞானஸ்நானம் பெற்று, யுஸ்தூஸ் யோசேப்பு என்று பெயர் கொண்ட வித்வான் குட்டி இருந்தார். குருப்பட்டம் பெற்றவர், பாடல்கள் இயற்றியவர், எழுப்புதலின் தலைவர். 1881-இல் கிறிஸ்து வருவார் என்று அவருடைய கூட்டம் அறிவித்தது. வருஷம் வந்தது, போனது. வைராக்கியத்தில் நான் அவர் கால்தூசுக்கு வரமாட்டேன். ஆனாலும் அத்தனை பக்தியும் ஒரு வருஷக் கணக்கில் போய் மோதி நின்றதை நினைத்தால் மனம் கேட்கவில்லை.

சுவர் விஷயத்துக்கே திரும்பி வருகிறேன். சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் துரா-எயுரோப்போஸ் என்று ஓர் எல்லைக் கோட்டை நகரம். பாரசீகப் படை நெருங்கி வந்தபோது மதிலைப் பலப்படுத்த உள்பக்கம் மண்ணைக் கொட்டினார்கள், கி.பி. 256 வாக்கில் நகரம் விழுந்தது. அந்த மண்மேடு மூடிக் காப்பாற்றிய வீடுகளில் ஒன்று கிறிஸ்தவர்கள் கூடிய வீடு. 1930-களில் தோண்டியபோது வெளிவந்தது. வெளியே பார்த்தால் தெருவின் மற்ற வீடுகளைப் போலத்தான். உள்ளே ஒரு மூலை அறையை ஞானஸ்நானத் தொட்டியோடு, சுவர்ச் சித்திரங்களோடு அலங்கரித்திருக்கிறார்கள். கூடுகைக்கு இடம் வேண்டும் என்று செய்த வேலையோ எளியது: இரண்டு அறைகளுக்கு நடுவில் இருந்த சுவரை எடுத்துவிட்டு ஒரே கூடமாக்கினார்கள். எபேசியர் கடிதத்தை மனத்தில் வைத்துச் செய்தார்கள் என்று நான் கதை கட்டமாட்டேன். இட நெருக்கடிதான் காரணம். இருந்தாலும் அந்த வரைபடத்தைப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டாமல் விடுவதில்லை.

அடுத்து போர்டில் போடுவது எங்கள் மாவட்டத்துப் படம். ராதாபுரம் வட்டாரத்து வடக்கன்குளம். நீலகண்ட பிள்ளை 1745-இல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆன ஊர். சாதி பாராமல் எல்லாரோடும் பழகியவர் என்று பேரெடுத்த அவரை 2022-இல் வத்திக்கான் புனிதராக அறிவித்தது. அதே ஊரில், அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, 1872-இல் எழும்பிய கத்தோலிக்கக் கோயிலுக்கு இரண்டு கூடங்கள். பீடம் ஒன்று. அதிலிருந்து கால்சட்டையின் இரண்டு கால்கள் மாதிரி கூடங்கள் பிரிந்து போகும். ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார் முதலான மற்றவர்கள். பீடத்துச் சாமியாரை இரண்டு பக்கத்தாரும் பார்க்கலாம். இவர்கள் அவர்களைப் பார்க்க வேண்டியதில்லை. எருசலேமில் நடுச்சுவர்க் கல் கிடைத்த மறுவருஷம் நம் ஊரில் நடுச்சுவர் வைத்துக் கோயில் நிமிர்ந்திருக்கிறது!

1910-ஐ ஒட்டி அந்தப் பிரிவினையைக் குருமார் எடுத்தார்கள். அமளி, பகிஷ்கரிப்பு, வழக்கு. சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், தனியிட உரிமை கேட்ட வேளாளத் தரப்பு தோற்றது. கோயிலில் இடம் பிரிப்பதைக் கிறிஸ்தவ உரிமையாகக் கேட்க முடியாது என்பதை ஓர் அரசாங்க நீதிமன்றம் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கத்தோலிக்கரைக் கைகாட்டிவிட்டு நாங்கள் தப்பிவிட முடியாது. தஞ்சாவூர்ச் சபையில் தனித்தனியாக உட்காரும் வழக்கத்தை எடுக்க முயன்றபோது, அதை எதிர்த்து வாதாடியவர் வேதநாயகம் சாஸ்திரியார். அவருடைய கீர்த்தனைகளைப் பாடாமல் எங்களுக்குப் பண்டிகை கழியாது. 1833-இல் பேராயர் டானியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று கடிதம் அனுப்ப, பல ஊர்களில் ஜனங்கள் சபையை விட்டே போனார்கள். இன்றைய நிலையைச் சொன்னால் ஊர்ப் பெயர் சொல்ல வேண்டிவரும், வேண்டாம். கல்லறைத் தோட்டத்தில் நடுவே ஓடும் வேலியைப் பார்த்திருக்கிறேன். சேகரத் தேர்தல் வந்தால் எந்தத் தெரு எந்த அணி என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். அதே பிள்ளை அந்திக்கிறிஸ்துவின் அடையாளங்களையும் வரிசையாகச் சொல்லும்.

எங்களிடம் உருப்படியான ஒன்று இருக்கிறது, அசனம். பண்டிகைக்கு ஊரார் கொடுத்த ஆட்டையும் அரிசியையும் கோயில் வளாகத்திலேயே பெரிய வட்டாக்களில் சமைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் இலை போடுவது. பந்தியில் யார் பக்கத்தில் யார் என்று பார்க்க நேரம் இருக்காது. இடம் பிடிப்பதே பெரும்பாடு. சமீபமாக வீட்டுக்கு வாளியில் வாங்கிப் போகிறவர்கள் கூடிவிட்டார்கள். மூட்டுவலி, கூட்டம், வெயில் என்று காரணம் சொல்கிறார்கள். சிலருக்கு அது உண்மையாகவும் இருக்கும்.

பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலின் முடிவில் வரும் நகரத்துக்கும் மதில் உண்டு என்பதை மறைக்கக் கூடாது; பெரிய மதில்தான். ஆனால் பக்கத்துக்கு மூன்றாகப் பன்னிரண்டு வாசல்கள், ஒன்றும் ஒருபோதும் பூட்டப்படுவதில்லை. உள்ளே ஆலயமும் இல்லை. கடவுளே மனிதரோடு குடியிருப்பதால் அதற்குத் தேவை இல்லை என்கிறார் அதை எழுதிய யோவான். மிருகத்தின் எண்ணான 666 முழுப் புத்தகத்திலும் ஒரே வசனத்தில்தான் வருகிறது. பந்தலில் அது மூன்று ராத்திரி ஓடும், வாசல்களுக்கு ஐந்து நிமிஷம்கூடக் கிடைக்காது.

வகுப்பில் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறேன். திடப்படுத்தலுக்கு முன் பிள்ளைகள் உபதேசியாரோடு வீடு சந்திக்கப் போக வேண்டும், அதுவும் தங்கள் தெருவுக்கு இல்லை. கொடுப்பதைச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். போன தடவை ஒரு தகப்பனார் வீட்டுக்கே வந்துவிட்டார். "டீச்சர், பிள்ளைக்கு வேதம் சொல்லிக்கொடுங்கன்னு அனுப்பினா, நீங்க எந்தத் தெருவுக்கெல்லாமோ அனுப்புதீங்க. கடைசி காலம் நடக்கு. வெளிப்படுத்தல் எப்ப எடுப்பீங்க?" என்றார்.

"எடுப்பேன் தம்பி. எபேசியர் ரெண்டாம் அதிகாரம் முடியட்டும்" என்றேன். காபியைக் குடிக்காமலே எழுந்து போனார். பையன் பெயரை நான் இன்னும் அடிக்கவில்லை.