அரங்கம் மறுத்தது; திறந்தவெளியில் 75 ஆயிரம் பேர் திரண்டனர்

அமெரிக்காவின் புகழ்பெற்ற கறுப்பினப் பாடகி மேரியன் ஆண்டர்சனுக்கு, 1939-ஆம் ஆண்டு வாஷிங்டனில் உள்ள கான்ஸ்டிடியூஷன் அரங்கில் பாட அனுமதி மறுக்கப்பட்டது. வெள்ளையினக் கலைஞர்கள் மட்டுமே அங்கு மேடையேறலாம் என்பது அரங்கின் உரிமையாளரான 'அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்' அமைப்பு வகுத்திருந்த விதி.

இதைக் கண்டித்து, அந்த அமைப்பிலிருந்து அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினோர் விலகினார். அரசுக்குச் சொந்தமான லிங்கன் நினைவிடத்தில் ஆண்டர்சன் பாட, உள்துறைச் செயலர் ஹெரால்டு இக்கீஸ் அனுமதி அளித்தார்.

ஏப்ரல் 9-ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று சுமார் 75 ஆயிரம் பேர் திரண்டனர். வெள்ளையினத்தவரும் கறுப்பினத்தவரும் ஒன்றாக நின்று கேட்டனர். நிகழ்ச்சி வானொலியிலும் ஒலிபரப்பானது.

ஓர் அரங்கின் கதவடைப்பு, அந்த நினைவிடத்தைச் சமவுரிமைப் போராட்டத்தின் மேடையாக்கியது. 1963-இல் மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றிய பேரணியும் அங்குதான் நடைபெற்றது. அதிலும் ஆண்டர்சன் பாடினார்.